நாலாவது தடவை

— அப்ப நீ விடியறதுக்கு முன்னாடியே வந்தது நிஜம்.

— நிஜம், ஃபரங்கீஸ்.

— வக்கீலாபாத் பூங்காவுலயே நல்ல இடமாப் பாத்து, ஓடைக்கரையில, அந்தப் பெரிய சினார் மரத்தடியில கம்பளத்தை விரிச்சதும் நிஜம்.

— விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வச்சேன். காத்துக்குப் பறந்துடக் கூடாதுன்னு.

— அப்புறம் எதுக்கு, மனுச்சேர் கான், நானும் ரெண்டு பிள்ளைங்களும் ஒரு அண்டா ஆஷ் கஞ்சியும் இப்ப கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்துல, மொட்டை வெயில்ல, குப்பைத்தொட்டியோட குடித்தனம் பண்ணிட்டிருக்கோம்?

— மெதுவாப் பேசு. வரிசையில நிக்கிறவங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். அவங்களாவது காரியம் முடிஞ்சதும் போயிடுவாங்க. நாம சாயங்காலம் வரைக்கும் இங்கதான். சொல்லு, நம்ம இடம் என்னாச்சு?

— ஒரு குடும்பம் வந்துச்சு. நேஷாபூர்க்காரங்க, நல்ல மனுஷங்க. ஒரு வயசான அம்மா, மகன், மருமக, அப்புறம் ஒரு கூட்டம் பசங்க. தீப்பெட்டி இருக்கான்னு கேட்டாங்க.

— தீப்பெட்டி கேட்டவங்களுக்கு மரத்தைக் குடுத்துட்டியா?

— எடுத்த எடுப்புலயே குடுத்துடல. வாங்க, உக்காருங்க, ஒரு டீ குடிங்கன்னேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— இருக்கு. சொல்லணும், அது முறை. வேணாம்னு அவங்க சொல்லியிருப்பாங்க, அதுவும் முறை.

— சொன்னாங்க. மறுபடி கூப்பிட்டேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னாங்க. மூணாவது தடவையும் கூப்பிட்டேன். உங்க நிழல் குறையாம இருக்கட்டும்னு வாழ்த்திட்டுக் கிளம்பினாங்க.

— அவ்வளவுதானே. ஊரு உலகத்துல எல்லாருக்கும் அதோட முடிஞ்சுடும்.

— நான் நாலாவது தடவையும் கூப்பிட்டேன்.

— என் தலையில மண்ணு. எதுக்கு?

— ரெண்டு வருஷமா உங்க வீட்டுல எல்லாரும் எனக்கு உபசாரம் தெரியாது, உபசாரம் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே காதைப் புண்ணாக்கிட்டீங்க. ஒரு தடவை குறைஞ்சுடக் கூடாதேன்னு ஒண்ணு கூடவே சொல்லிட்டேன். உக்காந்துட்டாங்க.

— சரி, உக்காந்தா உக்காரட்டும். பதினஞ்சு பேர் உக்கார்ற கம்பளம். நீயும் ஒரு ஓரமா உக்காந்திருக்க வேண்டியதுதானே?

— உங்களுக்கு இடைஞ்சல் பண்றோமோன்னு அந்த மகன் கேட்டார். சேச்சே, நான் கிளம்பிட்டுத்தான் இருந்தேன்னுட்டேன்.

— சொல்லிட்டு?

— சொன்னப்புறம் கிளம்பாம எப்படி இருக்கறது?

— கம்பளத்தைச் சுருட்டிட்டு வரலியே.

— அவங்க அது மேல உக்காந்திருந்தாங்க. கீழேருந்து உருவவா முடியும்?

— அப்பா, அந்தப் பசங்க நம்ம கம்பளத்துல கரணம் போடறாங்க. எண்ணிட்டேன், ஏழு பேர்.

— தர்லான், நீ தம்பியைப் பாத்துக்க. அவன் அந்த வரிசையில போய் நிக்கறான் பாரு. பெரியவங்க பேசறப்ப எதையும் எண்ணாதே.

— போர்னாவுக்கு ஒண்ணுக்கு வரலம்மா. எல்லாரும் நிக்கறாங்கன்னு அவனும் நிக்கறான்.

— மூணு வயசுப் பிள்ளைக்குக்கூட வரிசையில இடம் பிடிச்சா விடக்கூடாதுன்னு தெரியுது. மனு, மணி என்ன?

— பத்தரை.

— பன்னண்டு மணிக்கு அக்கா புருஷன் சியாமக் எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்துடுவார். ரெண்டு வருஷம் ஆச்சு அவர் உன் முகத்தைப் பாத்துப் பேசி. நாம போனா டீ ஊத்துவார், பிள்ளைங்களை மடியில வச்சுக்குவார், நீ வாயைத் திறந்தா மட்டும் செடிக்குத் தண்ணி விடணும்னு எந்திரிச்சுப் போயிடுவார்.

— தெரியும். போன தடவை மழை பெய்யறப்பவே தண்ணி விடப் போனார்.

— சிரிப்பு வருதா உனக்கு? நோரூஸ் புது வருஷம் பொறந்த பதிமூணாம் நாள் வீட்டுக்குள்ள இருந்தா வருஷம் பூரா பீடைன்னு ஊரே வீட்டைப் பூட்டிட்டுப் புல்லுக்கும் மரத்துக்கும் வருது. எங்கப்பா மட்டும் ரெண்டு வருஷமா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தனியா உள்ளயே உக்காந்திருந்தார். அம்மாவும் இல்லாத வீட்டுல. அன்னைக்கெல்லாம் எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. இந்த வருஷம் அக்கா காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, வர்றேன்னிருக்கார். என்ன சொல்லியிருக்கார்?

— சினார் மரத்தடின்னா வர்றேன்னார்.

— என் முட்டிக்குச் சாஞ்சு உக்கார மரம் வேணும், இல்லன்னா வந்த காரிலயே திரும்பிடுவேன்னார். மூணாவது வருஷமும் அவர் அந்தப் பூட்டின வீட்டுக்குள்ள போனா நான் தாங்க மாட்டேன், மனு.

— இந்தக் குப்பைத்தொட்டியில சாஞ்சுக்கலாமேம்மா. உயரம் சரியாத்தான் இருக்கும்.

— அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா. எல்லாம் அந்தப் பலகையில ஆரம்பிச்சது.

— திரும்பவும் பலகையா, ஃபரங்கீஸ்?

— பின்ன? அக்ரூட் மரத்துல சிப்பி பதிச்ச பகடைப் பலகை. நாப்பது வருஷமா அவர் ஆடினது. ஒரு வெள்ளிக்கிழமை நீ அவரை ஜெயிச்சே. அதோட விட்டியா? என்ன அழகான பலகைன்னு வாயைத் திறந்து புகழ்ந்தே. உன்னோடதுதான், எடுத்துட்டுப் போன்னார். புகழ்ந்தா அப்படித்தான் சொல்வாங்க. எங்க அத்தை வீட்டுப் பூனையை நான் புகழ்ந்தப்பக்கூட எடுத்துக்கோன்னாங்க. நான் பூனையைத் தூக்கிட்டா வந்தேன்?

— மூணு தடவை சொன்னார்.

— முந்நூறு தடவை சொல்லட்டும். அது வாய் உபசாரம். நீ கக்கத்துல இடுக்கிட்டு வந்து நின்னே.

— மறுநாளே திருப்பிக் குடுத்தாச்சுல்ல.

— நான் குடுத்தனுப்பினேன். விடிஞ்சும் விடியாம அக்கா போன் பண்ணி, உன் புருஷன் என்னடி இப்படிப் பண்ணிட்டான்னு கேட்டப்ப எனக்கு உசிரே போச்சு. துணியில சுத்தி, மேல ஒரு பெட்டி இனிப்பும் வச்சு, சியாமக் கையில குடுத்துவிட்டு மானத்தைக் காப்பாத்தினேன். அப்படியும் அவர் கோவம் ஆறல பாரு. சரி, அதை விடு. தர்லான், இங்க வா. இந்தக் கிண்ணத்து ஆஷைக் கொண்டுபோய் அவங்ககிட்டக் குடு.

— நம்ம இடத்தை எடுத்தவங்களுக்கு நம்ம ஆஷும் குடுக்கணுமா?

— குடு. குடுத்துட்டு, எங்க தாத்தா வர்றார், அவருக்கு முட்டி வலின்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு எழுத்து சொல்லாதே. புரிஞ்சவங்களுக்கு அது போதும். போர்னாவையும் கூட்டிட்டுப் போ. சின்னப் பிள்ளையைப் பாத்தா மனசு இளகும்.

— ஆஷ் மேல பொரிச்ச வெங்காயம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம், ஃபரங்கீஸ்.

— அதுவும் அவங்களுக்கா? நீ பேசாம நிழலைப் பாரு. நகர்ந்து நகர்ந்து அதுவும் அவங்க பக்கமே போகுது. நோரூஸுக்கு வளர்த்த முளைப்பயிர் தட்டு வேற வெயில்ல வாடுது. வழக்கப்படி அதை இன்னைக்கு ஓடையில விடணும்னா அவங்க காலைத் தாண்டித்தான் போகணும்.

— இதோ வந்துட்டா. என்ன கண்ணு, குடுத்தியா?

— குடுத்தேன்பா. முட்டி வலியும் சொன்னேன். அந்தப் பாட்டி அவங்க முட்டியைக் காட்டினாங்க. ரெண்டு முட்டியையும். தாத்தாவை ஆட்டுக்கொழுப்பு தடவச் சொன்னாங்க.

— எந்திரிச்சாங்களா?

— இல்லம்மா. கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதுன்னு திராட்சை இலையில சோறு சுருட்டி வச்சது பன்னண்டு குடுத்தாங்க. வழியில நான் ரெண்டு தின்னேன், பத்து இருக்கு.

— தம்பி எங்க?

— அந்தப் பாட்டி மடியில. வரமாட்டேங்கறான்.

— இடமும் போச்சு, கம்பளமும் போச்சு, இப்பப் பெத்த பிள்ளையும் போச்சு.

— இலைச்சுருள் நல்லாத்தான் இருக்கு. புளிப்பு சரியா இருக்கு.

— தின்னு. தின்னுட்டு நீயே போ. ஐயா, மன்னிக்கணும், மாமனார் வர்றார். நாலே வார்த்தை. சொல்லிட்டு அங்கயே நில்லு. அவங்க எந்திரிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதே.

— நாலு வார்த்தை. சரி, போறேன்.

— அம்மா, அப்பா போற நடையைப் பாத்தா இடம் கேக்கப் போறவர் மாதிரி இல்ல. பெண் கேக்கப் போறவர் மாதிரி இருக்கு. கையைக் கட்டிக்கிட்டார். இப்பத் தலையை ஆட்டறார். இன்னும் ஆட்டறார். திரும்பிட்டாரு.

— என்ன மனு, கேட்டியா?

— கேட்டேன்.

— என்ன கேட்டே?

— ஆஷ் புடிச்சுதான்னு கேட்டேன்.

— கடவுளே.

— இரு, முழுசாக் கேளு. என்னைப் பாத்ததும் அந்த மகன் எந்திரிச்சு நின்னுட்டார். வாங்க, இது உங்க இடம், உக்காருங்கன்னார்.

— அப்படியே உக்கார வேண்டியதுதானே.

— மொதத் தடவை சொன்ன உடனே எப்படி உக்கார்றது? வேணாம்னேன். ரெண்டாவது தடவை சொன்னார், வேணாம்னேன். மூணாவதுக்குக் காத்துட்டு நின்னேன். அதுக்குள்ள ஒரு பையன் பந்தை ஓடையில போட்டுட்டான். எல்லாரும் எழுந்து பந்து பின்னாடி ஓடிட்டாங்க.

— எழுந்துட்டாங்களா? அப்பவாவது கம்பளத்தை எடுத்தியா?

— நானும் பந்து பின்னாடிதான் ஓடினேன். நான்தான் எடுத்துக் குடுத்தேன். காலுறை நனைஞ்சு போச்சு.

— உன்னை நம்பினா எங்கப்பா வந்து குப்பைத்தொட்டியிலதான் சாயணும். நகரு. நானே போறேன். தண்ணி பிடிக்கற மாதிரி டீ கொதிக்க வைக்கற சமோவாரைத் தூக்கிட்டுப் போய், பெண்ணுக்குப் பெண்ணாப் பேசி முடிச்சுட்டு வர்றேன்.

— அப்பா, அம்மா போயிட்டாங்க. ஒண்ணு கேக்கவா? தாத்தா நெஜமா மூணு தடவை சொன்னாரா?

— நெஜம், கண்ணு. எண்ணினேன். உனக்கு இந்த எண்ணற புத்தி என்கிட்டேருந்து வந்ததுதான். உன் சியாமக் பெரியப்பா வேணும்னே தோத்துக் குடுப்பார், தாத்தா சந்தோஷப்படுவார்னு. எனக்கு அது வராது. நான் நிஜமா ஆடி நிஜமா ஜெயிச்சேன். மொதத் தடவை எடுத்துக்கோன்னார், வேணாம்னேன். ரெண்டாவது தடவையும் வேணாம்னேன். மூணாவது தடவை பலகையை மூடி என் கையில வச்சு, என் கை மேல அவர் கையை வச்சு அழுத்தினார்.

— அதனால எடுத்துட்டு வந்துட்டீங்களா?

— எங்கப்பா எனக்கு நாலு வயசிருக்கறப்பவே போயிட்டார். யாரும் எனக்கு அப்படி ஒண்ணைக் கையில வச்சு அழுத்திக் குடுத்ததில்ல. ஆசைப்பட்டுட்டேன், தர்லான். ராத்திரி பூரா தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினேன்.

— அதை அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே.

— உங்கம்மா அன்னைக்கு அழுதுட்டிருந்தா. அழறவகிட்ட என்ன சொல்றது?

— தாத்தாகிட்டயே கேட்டிருக்கலாம். நெஜமாக் குடுத்தீங்களா, சும்மா சொன்னீங்களான்னு.

— அதை மட்டும் கேக்கவே முடியாது. நெஜமாக் குடுத்தவரும் நெஜம்னுதான் சொல்வார். சும்மா சொன்னவரும் நெஜம்னுதான் சொல்வார்.

— அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

— அது தெரிஞ்சா நாம இங்க உக்காந்திருப்போமா?

— அப்பா, அம்மா வர்றாங்க. கையை வீசிட்டு வர்றாங்க. சமோவாரைக் காணோம்.

— ஃபரங்கீஸ், சமோவார் எங்க?

— ஒண்ணும் கேக்காதே.

— குழாயடியில மறந்துட்டியா?

— அந்த மருமக, அவங்க சமோவார் ஒழுகுது, மாமியாருக்கு டீ இல்லன்னா தலைவலின்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. என் வாய் தானாப் பேசிடுச்சு. இதை வச்சுக்கங்க, எங்களுக்குத் தேவையே இல்லன்னுட்டேன்.

— எத்தனை தடவை சொன்னே?

— ஒரே தடவை. சொல்லி முடிக்கறதுக்குள்ள வாங்கி வச்சுக்கிட்டா.

— அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு இல்ல.

— நீ பேசாதே. நீ இந்த வருஷம் முடியற வரைக்கும் பேசாதே.

— அம்மா, நான் போய் நேராக் கேக்கட்டா?

— வேணவே வேணாம். நேராக் கேட்டா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?

— இடம் வேணும்போலன்னு நினைப்பாங்க.

— அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. நீ போய்த் தம்பியை மட்டும் தூக்கிட்டு வா. அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. போ.

— ஃபரங்கீஸ், நான் ஒண்ணு சொல்லவா? நான் கிளம்பிடறேன். என் முகத்தைப் பாக்காம இருந்தா உங்கப்பா இங்ககூட உக்காந்துடுவார். அவர் கோவம் மரத்து மேல இல்லியே, என் மேலதானே.

— கிளம்பி எங்க போவே?

— வீட்டுக்கு.

— பதிமூணாம் நாள், பூட்டின வீட்டுக்குள்ள தனியாவா? எங்க குடும்பத்துல ஒருத்தர் அப்படி உக்காந்தது போதும். என்ன ஆனாலும் நீ என் பக்கத்துலதான் இருக்கணும். குப்பைத்தொட்டியில அவர் சாயட்டும், இல்ல திரும்பிப் போகட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக் கட்டிக்குவோம். முகத்தைத் துடை. வேர்த்து வழியுது.

— வேர்வை இல்ல.

— தெரியும். துடைச்சுக்கோ. தர்லான் வர்றா. என்னடி, தம்பி எங்க?

— தம்பி நல்லாத்தான் இருக்கான். அம்மா, நான் ஒரு வார்த்தை பேசிட்டேன்.

— என்ன வார்த்தை?

— எந்திரிங்க.

— பூமி பிளந்து என்னை முழுங்கட்டும்.

— அப்பா சும்மா உபசாரத்துக்குக் கூப்பிட்டார், நீங்க நெஜமாவே உக்காந்துட்டீங்க, நாங்க கக்கூஸ்கிட்ட இருக்கோம்னு சொன்னேன். அந்த மாமா என்னைத் தூக்கி முத்தம் குடுத்தார். அவங்களுக்குப் பாலத்துக்கிட்ட வேற இடம் இருக்காம், நம்மளதைவிடப் பெருசாம். கறி சுட அடுப்பு மூட்டணும்னு தீப்பெட்டி தேடித்தான் வந்தாங்களாம். நாலாவது தடவை கூப்பிட்டதை மறுத்தா அப்பா மனசு புண்ணாயிடும்னு அந்தப் பாட்டிதான் உக்காரச் சொன்னாங்களாம். பத்து நிமிஷத்துல போயிடலாம்னு. ஆனா ஒவ்வொரு தடவை கிளம்பறப்பவும் நம்மகிட்டேருந்து ஏதாவது வந்துட்டே இருந்துச்சாம். மொதல்ல ஆஷ், அப்புறம் அப்பா, அப்புறம் சமோவார்.

— அவங்க கறியெல்லாம் பாலத்துக்கிட்டயா கிடக்கு?

— ஆமாப்பா. பூனை தின்னுருக்கும்னு சொன்னாங்க.

— அடப் பாவமே. நாம ஏதாவது குடுத்தனுப்பணும், ஃபரங்கீஸ்.

— நீ சும்மா இரு. தர்லான், எந்திரிச்சுட்டாங்களா இல்லியா?

— எந்திரிச்சாங்க. கம்பளத்தைக்கூட உதறிட்டாங்க. அப்புறம் திரும்ப உக்காந்துட்டாங்க.

— ஏன்டி?

— தாத்தா வந்துட்டார்.

— மணி இன்னும் பன்னண்டாகலியே.

— பெரியப்பா காரை நிறுத்த இடம் தேடிப் போயிட்டார். தாத்தா மட்டும் தடி ஊனிட்டு நேரா மரத்துக்கு வந்துட்டார். உக்காருங்கன்னு அந்தப் பாட்டி சொன்னாங்க. மொதத் தடவையே உக்காந்துட்டார்.

— நம்மளைக் கேட்டாரா?

— கேட்டார். குப்பைத்தொட்டிகிட்டன்னு சொன்னேன். ஏன்னார். அப்பா முன்னபின்ன தெரியாதவங்களுக்கு இடத்தைக் குடுத்துட்டார், அவங்களைக் கிளப்பத் தெரியலன்னு சொன்னேன்.

— போச்சு. திட்டினாரா?

— சிரிச்சாரும்மா. மொதல்ல தாடி ஆடுச்சு, அப்புறம் தொப்பை ஆடுச்சு. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சார். தம்பிதான் முதுகைத் தட்டிவிட்டான்.

— எங்கப்பாவா? சிரிச்சாரா?

— அப்புறம் அவங்ககிட்ட அப்பா கதையைச் சொன்னார். பலகையைத் தூக்கிட்டுப் போன கதை.

— மனு, இனி நேஷாபூர் வரைக்கும் நம்ம மானம் போயிடும்.

— போகட்டும், ஃபரங்கீஸ். அவர் என்னைப் பத்திப் பேசவாவது செஞ்சார்ல.

— அந்தப் பாட்டியும் உங்களை மாதிரியேதான் சொன்னாங்கம்மா. சும்மா சொன்னதுக்கு எடுத்துட்டுப் போறவன் என்ன மருமகன், உங்களுக்குக் கோவம் வராம என்ன செய்யும்னு.

— கேட்டுக்கோ, மனு. முன்னபின்ன தெரியாத கிழவிக்குக்கூட இது புரியுது.

— இரு, இன்னும் முடியல. தாத்தா அப்படி இல்லன்னுட்டார். அப்படியே சொல்லட்டா?

— சொல்லு.

— "அவன் எடுத்துட்டுப் போனதுக்கு நான் ஏம்மா கோவப்படறேன், என் வார்த்தையை நம்பினவன் இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான், எம்பொண்டாட்டி போனப்புறம் அன்னைக்கு ஒரு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்கினேன், விடிஞ்சதும் நான் பெத்த மக, அவன் முகத்துல நான் முழிக்கவே முடியாதபடி, அதைத் துணியில சுத்தித் திருப்பி அனுப்பிட்டா."